நல்ல தண்ணீரில் கழுவிய டேப்லெட்டுகள்

திசையன்விளை,
ஆகஸ்ட் 10.

அன்புள்ள மகன் கிங்ஸ்லிக்கு,

அப்பா எழுதுவது. இறைவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே நலம், நலம் என்று எழுதும் அளவுக்கு நலம். நீ நலமாக இருப்பதை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். போனை நான் எடுத்தால் "அம்மாட்ட குடுங்க" என்பதற்கு மேல் உன்னிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தை கிடையாது, அதனால்தான் இந்தக் காகிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள், டாக்டரிடம் போவோம் என்றால் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்கிறாள். உனக்குப் பெண் பார்ப்பதாகச் சொல்லி உன் மாமா மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் மீன் குழம்பு சாப்பிட்டதோடு சரி, பெண்ணின் போட்டோகூட வரவில்லை. கச்சான் காற்று இந்த வருஷம் ஆடி முடியப் போகிற சமயத்திலும் விடவில்லை, வாசலில் மணலைப் பெருக்கிக் கை ஓய்ந்துவிட்டது.

பள்ளியில் நடந்ததை அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், அவள் சொன்ன விதம் வேறாக இருக்கும், நான் உள்ளதை எழுதுகிறேன். தாளாளரின் வெளிநாட்டு நண்பர்கள் இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் நாலாம் வகுப்புக்குப் பதினைந்து டேப்லெட் கொடுத்தார்கள். எம்.எஸ்ஸி. படித்தும் இருபத்தாறு வருஷமாகக் கடற்கரைத் தொடக்கப் பள்ளியில் கிடக்கிற எனக்கு முதல் முறையாக என் படிப்புக்கேற்ற வேலை ஒன்று வந்தது. முதல் ஒரு மாதம் பாடமே நடத்தவில்லை, அதை எப்படிப் பேணுவது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். சாப்பிட்ட கையோடு தொடக் கூடாது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, இப்படி. கடற்கரையில் இவற்றைவிடப் பெரிய பகை உப்புக் காற்று. அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, அப்பா கடலிலிருந்து வந்ததும் வள்ளத்து இன்ஜினை எப்படிக் கவனிக்கிறாரோ அப்படி இதைக் கவனிக்க வேண்டும், உப்பை ஒட்ட விடக் கூடாது என்று சொன்னேன். சொல்லும்போது நல்ல உவமை என்று எனக்கே பெருமையாக இருந்தது. இன்ஜினை அவர்கள் நல்ல தண்ணீர் டிரம்மில் ஓட விட்டு, மேலேயும் நாலு வாளி ஊற்றித்தான் உப்பை எடுக்கிறார்கள் என்பது தினமும் பார்க்கிற எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அலமாரிச் சாவியை ரெனிஷா என்ற பிள்ளையிடம் கொடுத்திருந்தேன், வள்ளக்காரர் நசரேனின் மகள், ஒன்பது வயது, சொன்னதை ஒரு எழுத்துத் தப்பாமல் செய்கிறவள். ஜூலையில் எனக்குத் திருநெல்வேலியில் இரண்டு நாள் பயிற்சி. அந்த இரண்டு நாளும் வகுப்பு ஜன்னலை யாரும் சாத்தவில்லை, அலமாரிக் கதவு ஏற்கனவே சரியாக மூடாது, கச்சான் உள்ளே புகுந்து டேப்லெட் கண்ணாடியிலெல்லாம் பிசுபிசுவென்று வெள்ளை பூத்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ரெனிஷா ஓடி வந்தாள், "சார், உப்பெல்லாம் எடுத்தாச்சு" என்றாள். போய்ப் பார்த்தேன். பதினைந்தும் வராந்தா நிழலில் ஒரு பழைய சேலைமேல் வரிசையாக, முகம் மேலே பார்க்க, ஒன்றோடொன்று இடிக்காமல் இருந்தன. மூன்று நாளுக்கு ஒருமுறை லாரியில் வரும் தண்ணீரில் தன் வீட்டுக் குடம் இரண்டைத் தூக்கி வந்து, முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொன்றாக முக்கிக் கழுவி வைத்திருக்கிறாள். பதினொன்றில் வெளிச்சம் வரவே இல்லை. என் கை ஓங்கியது உண்மை, உன்னிடம் மறைத்து என்ன. யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கத்தினேன். அவள் நகரக்கூட இல்லை, அடி விழும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "நீங்கதான சார் சொன்னிய. நல்ல தண்ணிதான் சார், உப்புத் தண்ணி ஒரு சொட்டு படல" என்றாள். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

தலைமையாசிரியர் குருபிரசாத்தை உனக்குத் தெரியும். பள்ளி இன்வெர்ட்டரைத் தன் மச்சினன் கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் எரித்துக் கொண்டுவந்து, அது என் வகுப்பில் எரிந்தது என்று எழுதிக் கொடுத்த மகான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது, நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். வருகிற மே மாதம் அவருக்கு ஓய்வு, அடுத்த மூப்பு நான். அவர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "வே ஜேசுதாசன், பிள்ள சேட்டை பண்ணிட்டுன்னு ரெண்டு வரி போடும். டி.சி.யக் குடுத்து அனுப்பிருவோம். அடுத்த வருஷம் இந்த நாற்காலில நீருதான வே உக்காரணும்" என்றார். அன்று சாயங்காலம் நசரேன் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். "நான் இன்ஜினுக்குச் செய்யுததத்தான சாரே பிள்ள செஞ்சிருக்கு" என்றார். டி.சி. கொடுத்தால் அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், பெண்பிள்ளையை அப்படி அனுப்ப மாட்டேன், படிப்பு இதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கெஞ்சவில்லை, கடலில் காற்று எப்படி என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்ஜினைப் போல் பார்த்துக்கொள்ளச் சொன்னவன் நான், எதுவரைக்கும் இன்ஜினைப் போல் என்று சொல்லாமல் விட்டவனும் நான், பிள்ளை நான் சொன்னதைச் செய்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குருபிரசாத் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "நீரு உருப்பட மாட்டீரு வே" என்றார். மெமோ வந்தது. நாற்காலி என்னைவிட ஆறு வருஷம் இளையவனுக்கு என்று தாளாளர் வாயாலேயே சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் வகுப்பும் அவனுக்கே. மிச்சமிருந்த நாலு டேப்லெட்டை அவன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறான், பிள்ளைகள் தொட்டால்தானே கெடும் என்கிறான், பேணுவதற்கு அவன் கண்டுபிடித்த பாடம் அது. ரெனிஷா அதே வகுப்பில்தான் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாள், பீரோவை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளைக்காக நான் தியாகம் செய்துவிட்டதாக உன் அம்மா கோயில் வாசலில் பேசிக்கொண்டிருக்கிறாள், அதெல்லாம் நம்பாதே. குருபிரசாத்துக்காக ஒரு பொய் எழுத மாட்டேன் என்ற வீம்பு பாதி. நாற்காலி போனதில் எனக்கு வயிறு எரிகிறது, இன்றும் எரிகிறது.

மீதிப் பாதியை உனக்குத்தான் எழுத வேண்டும். உனக்கு ஏழு வயது இருக்கும்போது பாளையங்கோட்டையிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தேன், அம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்தாள், நீ பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்லி வைத்தேன். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தால் அதன் பெட்டியைத் திறந்து தரையில் போட்டு உட்கார்ந்திருந்தாய். இடுப்பு வாரைக் கழற்றினேன். எத்தனை அடி என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பது, திருகாணிகளை என் செய்தித்தாள்மேல் சின்னது பெரியது பார்த்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தாய். அதை நான் அப்போதே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். இன்று நீ மஸ்கட் துறைமுகத்தில் கிரேன்களின் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து பழுது பார்க்கிறாய், அதற்கு நான் எந்த விதத்திலும் காரணம் இல்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் கிரேனில் ஏறாதே, ஹோட்டல் சாப்பாட்டைக் குறை. அந்தோணியார் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், அம்மாவின் ஜெபம் எப்போதும் உன்னோடு இருக்கிறது, என் ஆசீர்வாதமும் உண்டு, வேண்டுமென்றால் எடுத்துக்கொள். மறக்காமல் ஒன்று செய். அன்றைக்கு அந்தப் பெட்டியை எதற்காகத் திறந்தாய் என்று எழுது. இருபத்தொரு வருஷமாக நான் கேட்கவில்லை. அம்மாவிடம் போனில் சொல்லி அனுப்ப வேண்டாம், இரண்டு வரியானாலும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜேசுதாசன்