தங்கபாயின் பந்தி

18.8.2004
ஆவணி பிறந்தாலே திருவனந்தபுரத்தில் மண்டபம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரே முகூர்த்தத்தில் எனக்கு இரண்டு கல்யாணச் சமையல். நெய்யாற்றின்கரையை நான் பார்த்துக்கொள்வேன். கரமனை மண்டபத்தைத் தங்கபாயிடம் விட்டுவிட்டேன். என் ஆட்களில் அவளைப்போல நிதானம் யாருக்கும் கிடையாது. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவள்தானே முதலாளி!

20.8.2004
பரிமாறுகிற ஆட்களிடம் தனியாகச் சொல்லிவைத்தேன்: எதை மாற்றுவதானாலும் முதலில் எனக்குப் போன். தங்கபாய்க்குத் தெரிய வேண்டியதில்லை. முன்ஜாக்கிரதைதான்.

22.8.2004
கரமனையில் மானம் போயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலி. இங்கே பாயசமும் போளியும் முடிந்துதான் ரசம். அங்கே ரசம் முதலில். பாயச வாளியைப் பார்த்ததும், "ரசம் ஊத்தாம பாயசமா?" என்று கேட்டிருக்கிறார்கள். தங்கபாய் உடனே ரசத்தை எடுத்துவரச் சொன்னாளாம். ஒருவரும் அசையவில்லை. "அக்காட்ட கேக்கணும்." அக்காவாகிய நானோ நெய்யாற்றின்கரையில் பிரதமன் பாயச உருளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், போன் சத்தம் கேட்கவில்லை. பந்தி முழுக்க வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் தங்கபாய் வந்தாள். "நம்பிக்கை இல்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா அக்கா. இனி வேற ஆளப் பாருங்க."

வேலையைக் கொடுத்தேன், அதிகாரத்தை என் மடியிலேயே முடிந்துகொண்டேன். அவ போயிட்டா நான் என்ன செய்யப்போறேன்?

23.8.2004
எல்லா ஆட்களையும் கூட்டி, தங்கபாயை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னேன்: "தப்பு எனக்கதுதான். இனி இவ நிக்கிற மண்டபத்துல இவ சொல்லுததுதான். எங்கிட்ட ஒருத்தரும் கேக்காண்டாம்."

தங்கபாய் சிரிக்கவில்லை. "பாக்கலாம்" என்றாள். அதுவே பெரிது.

5.9.2004
விதுரா மண்டபத்தில் அவள் பந்தி. அதிலும் ஒரு வீடு திருநெல்வேலி. திருநெல்வேலி வரிசைக்கு அவர்கள் முறை, பெண் வீட்டு வரிசைக்கு நம் முறை என்று பிரித்துப் பரிமாறியிருக்கிறாள். நான் அங்கே நின்றிருந்தால் விட்டிருக்க மாட்டேன். நல்லவேளை, நான் போகவில்லை. பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் பொறாமையும்.

3.2.2005
தன் மகள் கல்யாணச் சமையலுக்குப் பேச ஓர் அம்மாள் வந்தார். "தங்கபாய்தான் வேணும்" என்றார்.

"அவளுக்கு அன்னைக்கு வேற கல்யாணம் உண்டு. நான் வரட்டா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கபாய்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். யோசித்துத்தான் சரி என்றாள்.