கோப்பில் இல்லாத வாக்குமூலம்

இன்று காலை காணி வழக்கு ஒன்றுக்காக வயதான பெண்ணொருத்தி என் அறைக்கு வந்தார். கதிரையில் அமர்ந்ததும் அவர் முழங்காலில் பூசியிருந்த தைலம் அறை முழுக்க மணத்தது. கற்பூரமும் வேப்பெண்ணெயும் கலந்த மணம். அதன்பிறகு அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. நகரத்துப் பெரிய வீட்டில், தனியே இருந்த வயதான பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உன் கைகளில் இருந்த மணம் அது. "எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் போகுதில்ல கா. சோறு திங்கக்குள்ளயும் பெரியம்மாட முழங்கால்தான் மணக்குது" என்று சொல்லிச் சிரிப்பாய்.

பெரியகல்லாற்றுப் பள்ளிக்கூடத்தில் நாமிருவரும் ஒரே வாங்கில் இருந்தோம். கணக்கில் நீ கெட்டிக்காரி. ஒருமுறை நான் உன்னைப் பார்த்து எழுதியதை ஆசிரியர் கண்டுபிடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ எழுந்து, "நான்தான் காட்டினன் சேர்" என்று இரண்டு அடியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். சாதாரண தரப் பரீட்சையோடு நீ படிப்பை நிறுத்தினாய். நான் கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணியாகி வந்தேன். அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நான் வெளியே வர, மாதா கோயில் மதிலோரம் எனக்காக நின்றாய். நீ சைவம், நான் வேதம். அது நமக்கு ஒருநாளும் ஒரு விசயமாக இருந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நீ எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! பெரியம்மாவுக்குத் தேநீர் கொடுத்து, காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸில் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போனாய். பின்னேரம் திரும்பி வரும்போது வாசலில் சனம். பெரியம்மா குசினியில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். சங்கிலியைக் காணவில்லை. உன் பெட்டியில் ஒரு காப்பு இருந்தது. அவர் ஆசையாகத் தந்த காப்பு என்று நீ சொன்னதற்குச் சாட்சி சொல்ல அவர் உயிரோடு இல்லை.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே நீ கொன்றுவிட்டாய் என்பதுதான் அரச தரப்பின் கதை. ஏழு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் மரணம் நேர்ந்திருக்கலாம் என்றார் மருத்துவர். நீ போன பிறகு அவரை உயிரோடு கண்டவர் எவருமில்லை என்று அரச சட்டவாதி மன்றில் நிமிர்ந்து நின்று சொன்னார். உனக்காக வாதாடிய நான், வாக்குமூலங்களைப் பதியும் பொலிஸ் தகவல் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் கேட்டேன். தரவேண்டியதெல்லாம் தந்தாயிற்று என்றார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'எதிரி' என்பார்கள். அந்தச் சொல்லை நான் ஆயிரம் தடவை உச்சரித்திருக்கிறேன். மரணதண்டனைத் தீர்ப்பன்று "எதிரி எழுந்து நிற்கவும்" என்று கூப்பிட, நீ வேறு யாரையோ என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அன்றுதான் அதன் பொருள் எனக்குத் தைத்தது.

நீ கொழும்புச் சிறைக்குப் போய் ஏழாவது வருடம், காத்தான்குடியைச் சேர்ந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். முன்பு மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி வீதிவீதியாக விற்றவர். வழக்குத் தொடங்குமுன்பே கட்டாருக்கு வேலைக்குப் போய், அப்போதுதான் திரும்பியிருந்தார். உனக்குத் தண்டனை விழுந்த செய்தி தேநீர்க்கடையில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

"மிஸ், அந்தப் பிள்ள எப்பிடிக் கொன்றிருக்கும்? பள்ளிக்கூடத்தில இடைவேள மணி அடிச்ச நேரம் அந்தம்மா கேட்டடியில நிண்டு என்னட்ட ஓரா மீன் வாங்கினா. பத்தரை மணி. விலை கூடயெண்டு ஏசினவ."

"இத ஏன் அப்பவே சொல்லல்ல?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "செல்லினனே! அண்டு பின்னேரமே பொலிஸில செல்லினன். எழுதி, வாசிச்சு, கையெழுத்தும் வாங்கினாங்க. உங்களுக்குத் தெரியாதா மிஸ்?"

அவர் போனதும் பழைய கோப்பை எடுத்தேன். அரச தரப்பு சமர்ப்பித்த குசினிப் படம் அதில் இருந்தது. அடுப்படியில் ஒரு சட்டி. சட்டியில் கழுவாத மூன்று மீன்கள். அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் பெரியம்மா விழுந்து கிடந்த இடத்தைத்தான்.

அடுத்த வாரமே கொழும்புக்கு வந்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று உன்னிடம் கேட்டேன்: "அண்டைக்குக் காலம நீ மீன் வாங்கினியா?"

"வெள்ளிக்கிழம, கோயிலுக்குப் போறவள் மீன் தொடுவாளா?"

"இத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே கா" என்றாய். குற்றம் சொல்லும் குரலாக அது இருக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மேன்முறையீட்டில் மீன்காரரின் சத்தியக்கடதாசியைக் கொடுத்து, தகவல் புத்தகத்தை வரவழைக்கக் கேட்டேன். வந்தது. பக்கம் கிழிக்கப்படவில்லை, மை அழிக்கப்படவில்லை. மீன்காரர் சொன்னது சொன்னபடி, அவருடைய கையெழுத்தோடு இருந்தது. எங்களுக்கு அது அனுப்பப்படவில்லை என்றது அரச தரப்பு. அனுப்பினோம் என்றது பொலிஸ். நீதியரசர் ஒருவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "படம் உங்களிடம் இருந்ததுதானே? அந்த மீன் எங்கிருந்து வந்ததென்று நீங்கள் ஏன் கேட்கவில்லை?" என்றார். மன்றில் சொல்வதற்கு என்னிடம் சட்டம் இருந்தது. மறைப்பது அவர்களின் தவறு, நான் தேடாதது அதை நியாயமாக்காது என்று வாதாடினேன். உன்னிடம் சொல்வதற்கு எதுவுமில்லை.

மேன்முறையீட்டு மன்றுக்கு மூன்று வழிகள் உண்டு என்று உனக்கு விளக்கினேன். தண்டனையை நீக்கி உன்னை வீட்டுக்கு அனுப்பலாம். தண்டனையை நீக்கி, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லலாம். அந்த வாக்குமூலம் வந்திருந்தாலும் முடிவு மாறியிராது என்று சொல்லி எல்லாவற்றையும் தள்ளிவிடலாம்.

"மறைச்ச ஆளுக்கு?" என்று கேட்டாய்.

"ஒண்டும் நடக்காது."

பிறகு, "மீன்காரர் இன்னும் நல்லாயிரிக்காரா?" என்றாய்.

மறுவிசாரணைக் கட்டளை வந்தபோது நாங்கள் வென்றுவிட்டதாக என் கனிஷ்ட சட்டத்தரணிகள் கை குலுக்கினார்கள். உன்னிடம் நான் அதைச் சொன்னதும், "அப்ப திருப்பி முதல்ல இருந்தா?" என்றாய். ஓம், முதலில் இருந்துதான். குற்றவாளியாக இருந்த நீ மறுபடி எதிரியானாய். கொழும்புச் சிறையிலிருந்து இங்கே, விசாரணை முடியும்வரை அடைத்துவைக்கும் விளக்கமறியலுக்கு மாற்றினார்கள். பிணை விண்ணப்பம் தவணை தவணையாகப் போனது. ஒருநாள் கோப்பு வரவில்லை, ஒருநாள் நீதிபதி லீவு, ஒருநாள் அரச தரப்பு ஆட்சேபனைக்கு அவகாசம் கேட்டது. சிறையில் பழுதாகிப்போன உன் சிறுநீரகம் அவகாசம் தரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைக் கண்டபோது கால் வீங்கியிருந்தது. வாசலில் காவலுக்கு நின்ற பெண் பொலிஸ் ஐந்து நிமிடம் தந்தார். என் கையைப் பிடித்து, "அம்மாக்கு மட்டும் சொல்லிரு, நான் செய்யல்லயெண்டு கோட்டில எழுதிட்டாங்களெண்டு" என்றாய். எழுதியதும் சொல்கிறேன் என்றேன். நீ கண்மூடிய அன்று, விசாரணை தொடங்க இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

இறந்தவருக்கு விசாரணை இல்லை. நான் எழுந்து, குறைந்தபட்சம் அந்த வாக்குமூலத்தையாவது பதிவில் சேருங்கள் என்று கேட்டேன். நீதிபதி நல்ல மனிதர். "எனக்கு அதிகாரம் இல்லை அம்மா" என்று மெதுவாகச் சொன்னார். இப்போதும் ஒவ்வொரு வழக்கிலும் முதல் தவணையிலேயே எழுத்தில் கேட்கிறேன்: எல்லா வாக்குமூலங்களும், எல்லாக் குறிப்புகளும். தரவேண்டியதெல்லாம் தந்தாயிற்று என்றுதான் இப்போதும் பதில் வருகிறது. அது உண்மையா என்று அறிய எனக்கு இப்போதும் வழியில்லை.

போன மாதம் வழக்கை முடித்த கட்டளையின் பிரதியோடு பெரியகல்லாற்றுக்குப் போனேன். உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடதாசியை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தார்.

"என்ர புள்ளயில குத்தமில்லையெண்டு எழுதியிரிக்கா?"

"ஓம் அம்மா."

"வாசி புள்ள. சத்தமா வாசி. பக்கத்து வளவுக்கும் கேக்கட்டும்."

அதில் இருந்தது ஒரே ஒரு வரி: எதிரி இறந்தமையால் வழக்கு இத்துடன் முடிவுறுத்தப்படுகிறது. நான் கடதாசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "எதிரி குற்றமற்றவர் என இம்மன்று தீர்ப்பளிக்கிறது" என்று உரத்து வாசித்தேன். இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஆவணமொன்றில் இல்லாததை இருப்பதாக நான் வாசித்தது அதுவே முதல் தடவை. அம்மா அழவில்லை. கடதாசியை மடித்து, பொலித்தீன் பையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டப்போவதாகச் சொன்னார்.

வருகிறவர்களுக்கு வாசிக்கத் தெரியும். பெரியகல்லாற்றிலிருந்து யார் அழைத்தாலும், தொலைபேசியைக் காதில் வைக்குமுன் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.