குளிரைக் குறைக்கச் சொன்ன நாள்

என் வாயாடி அக்கா மஞ்சுவுக்கு,

ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்ச் சுவரோர இரும்புப் பட்டையைத் தொட்டுப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். நீ பார்த்திருந்தால் கால்ல என்னடி சக்கரமா என்று கேட்டிருப்பாய்.

நீ வேலை பார்த்த அதே ஆஸ்டின் டவுன் வீட்டில்தான் இப்போது நானும் இருக்கிறேன். நீ போன பிறகு ஷீலா மேடமே ஸ்ரீராம்புரத்தில் நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டு என்னைக் கூட்டி வந்தார். அவருக்குக் குழந்தை பிறந்துவிட்டது அக்கா. பெண். உன்னைப் போலவே அவசரக்காரி, நாள் ஆகும் முன்பே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இந்த வாரம்தான் வீட்டுக்கு வந்தாள். உடம்பு சில்லிடவே கூடாது, அறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சார் வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்த ஆசையில் ஒரு மெஷின் போட்டாரே, நினைவிருக்கிறதா? அதில் சுடும் தண்ணீர் குழாய் வழியாக ஓடி அறை அறையாகப் பட்டைகளைச் சூடாக்கும். வீட்டையே இட்லி மாதிரி வேக வைக்கிறாங்க என்று நீ சிரிப்பாய். அது இன்று காலையிலிருந்து வேலை செய்யவில்லை. வெளியே விடாத தூறல். சார் ஊரில் இல்லை, போனும் எடுக்கவில்லை.

ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். மெயின் போர்டில் எந்த ஸ்விட்சாவது கீழே விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன், எல்லாம் மேலேதான் இருந்தன. மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. சிவப்பாவது எரிந்திருந்தால் கோளாறு என்று தெரிந்திருக்கும். பச்சையாக எரிந்துகொண்டே சும்மா இருப்பதை என்ன செய்வது? மேடம் குழந்தையை மார்போடு சேர்த்துச் சால்வையால் போர்த்திக்கொண்டு நடந்தபடியே இருந்தார். நான் அதன் பாதத்தைத் தொட்டேன். என் விரலைவிடச் சில்லென்று இருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிடு, எனக்குக் கன்னடம் வராது, நீதான் பேசணும் என்றார் மேடம்.

நான் பேசுவதா? உனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் 'பிரெசென்ட் மிஸ்' சொல்லவே எனக்கு வாய் வராது. ஒன்பதாவதோடு நின்றதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொல்வார்கள், எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் எனக்கும் சேர்த்து நீயே பேசிவிடுவாய். நீ போன பிறகு யாராவது அக்கா எப்படியிருக்கா என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நீ இல்லை என்று ஒருவரிடமும் என் வாயால் சொன்னதில்லை.

சமையலறையில் நீ வைத்திருந்த அந்தப் பழைய போனில்தான் கூப்பிட்டேன். மெக்கானிக் நாகராஜ் அண்ணா எடுத்ததுமே, "ஹேளு மஞ்சு, ஏனாயித்து?" என்றார், சொல்லு மஞ்சு, என்ன ஆச்சு என்று. அவர் போனில் உன் பேர் வந்திருக்கிறது. நமக்கு ஒரே குரல் என்று அம்மா எப்போதும் சொல்வாள் அல்லவா?

நான் இல்லையென்று சொல்லவில்லை அக்கா. ம் என்றேன். அப்புறம் எனக்கே புரியவில்லை, கன்னடம் மடமடவென்று வந்தது. பச்சை விளக்கு எரிகிறது, பட்டை சுடவில்லை, பச்சைக் குழந்தை இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்று உன்னைப் போலவே அதட்டினேன்.

எவ்வளவு சூடு வேண்டும் என்று வைக்கும் சுவர்ப் பெட்டியில் என்ன நம்பர் என்று கேட்டார். பதினாறு என்றேன். அறையின் சூடு? பத்தொன்பது. யார் பதினாறு வைத்தது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த வாரம் ராத்திரியெல்லாம் மேடம் படுத்தபடி, ரொம்பக் குளுருது, கொஞ்சம் குறைடி என்பார். நான் போய்க் குறைக்கும் பொத்தானை அழுத்துவேன். இன்னும் குளுருதே, இன்னும் குறை என்பார். இன்னும் அழுத்துவேன். அவர் குறைக்கச் சொன்னது குளிரை. நான் குறைத்தது நம்பரை. பதினாறு போதும் என்று நாம் சொல்லியிருக்கிறோம், அறை அதற்கு மேலேயே இருக்கிறது, மெஷின் நிம்மதியாகத் தூங்குகிறது.

நடந்ததைச் சொன்னதும் நாகராஜ் அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். இருபத்தாறில் வைத்துவிட்டுக் காத்திரு, குழாய் டக் டக்கென்று சத்தம் போடும் என்றார். வைத்தேன். மேடமிடம் சொன்னபோது அவர் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, குழந்தை மட்டும் அவர் மார்பில் குலுங்கியது.

போனை வைக்கப் போனேன். நாகராஜ் அண்ணா விடவில்லை. "உன் தங்கச்சி வாயே திறக்காதுன்னு சொல்லுவியே, இப்பவாவது பேசுதா?" என்றார்.

என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாயா நீ?

பேசுது என்று சொல்லி வைத்திருக்கலாம். அவர் மறுபடி கூப்பிடுவார், மறுபடி மஞ்சு என்பார், நானும் மறுபடி ம் என்பேன். எத்தனை காலத்துக்கு?

"இப்போ பேசுறதே அவதான் அண்ணா," என்று கன்னடத்தில் சொன்னேன். "நான் தீபா. மஞ்சு அக்கா காய்ச்சல்ல தவறிட்டா."

ஐயோ மகளே, நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன் என்றார் அவர்.

சொல்லிவிட்டேன் அக்கா. சொன்ன பிறகு நீ இன்னும் தூரமாகப் போய்விட்டாயா, இல்லை பக்கத்தில் வந்தாயா? அதைத்தான் யோசித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறேன்.

இப்போது பட்டையின் மேல்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கிறது, அடிப்பக்கம் இன்னும் சில்லென்றுதான். குழந்தை தூங்குகிறது. பாதத்தைத் தொட்டுப் பார்க்க மறுபடி எழுந்திருக்கப் போகிறேன்.

இனி உன் குரலுக்குள் ஒளிந்துகொள்ள மாட்டேன். யார் கேட்டாலும் நீ இருந்ததையும் சொல்வேன், இல்லாததையும் சொல்வேன். திக்கினாலும் நானே சொல்வேன்.

இப்படிக்கு,
நீ பேச விட்டுப் போன உன் தங்கச்சி
தீபா