மைத்துனன் இல்லாத அணி

ஜோம்பா,
மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

லமெக் எழுதுகிறேன். உங்களைத் தேசியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆக்கிய செய்தி வானொலியில் வந்தபோது முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் கத்தரியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அக்கா புருஷனே கோச்சா? இனிமே உங்களை கோல்ல இருந்து அசைக்க ஆளே இல்ல" என்றார். கடை முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது. மீதித் தலைக்கு மறுநாள்தான் போனேன்.

மனசு நிறைந்திருக்கிறது. போர்ச்சுகலில் பனியில் நின்று கோல் அடித்த நீங்கள், கணுக்கால் உடைந்து திரும்பி வந்து ரயில்வே அணியின் பந்துகளுக்குக் காற்றடித்தீர்கள். அப்போது சிரித்தவர்கள் எல்லாம் இப்போது உங்கள் சொந்தக்காரர்கள் என்கிறார்கள். முன்பு பயிற்சியாளராக இருந்த வெள்ளைக்காரருக்குக் கடைசிவரை எங்கள் பெயர்கள் வாயில் நுழையவில்லை. நீங்களாவது சரியான ஆளைத் திட்டுவீர்கள்.

அங்கோலாவோடு ஆட்டம் என்றதும் காலையில் மலையேறி ஓடத் தொடங்கிவிட்டேன். அக்காவுக்கு என் அன்பு.

உங்கள்
லமெக்


பிளான்டயர்,
மார்ச் 19

அன்புத் தம்பி லமெக்குக்கு,

வெள்ளிக்கிழமை வானொலியில் அணியை அறிவிப்பார்கள். அதற்கு முன்னால் நீ என் வாயால் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதில் உன் பெயர் இல்லை.

போன மாதம் உன் ஆட்டங்களைப் பார்த்தேன். உயரமாக வரும் பந்தில் இன்றைக்கும் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் இடப்பக்கம் தாழ்வாக வரும் பந்துக்கு உன் உடம்பு கொஞ்சம் தாமதமாக விழுகிறது. அங்கோலாக்காரர்கள் அங்கேதான் அடிப்பார்கள். கரோங்காவிலிருந்து வந்திருக்கும் மாவூத்தோவைக் கோலில் நிறுத்தப் போகிறேன்.

உன் அக்காவிடம் நேற்றே சொன்னேன். தட்டில் சோளக்களியை மட்டும் வைத்தாள். "கீரை, மீன் எல்லாம் எங்கே?" என்றேன். "அதுங்களையும் அணியில சேர்க்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அன்புடன்
யோட்டாம்


ஜோம்பா,
மார்ச் 28

மதிப்பிற்குரிய தேசியப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மாவூத்தோ என்றால் நம் பேச்சில் தொல்லை என்று அர்த்தம். பெற்றவர்களே பார்த்து வைத்த பெயர். அவனைக் கோலில் நிறுத்துகிறீர்கள். வாழ்த்துகள்.

ஒரு செய்தி. வானொலி நிலையத்தார் வந்திருந்தார்கள். ஆட்டத்தன்று வர்ணனையாளர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கருத்துச் சொல்ல வேண்டுமாம். "மனசுல இருக்கிறதை அப்படியே கொட்டுங்க. ஜனங்களுக்கு அதுதான் வேணும்" என்று அந்த அதிகாரி சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன். மனதில் நிறையவே இருக்கிறது.

இப்படிக்கு
லமெக் கஜோம்போ


பிளான்டயர்,
ஏப்ரல் 14

அன்பு லமெக்,

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். நீயும் பார்த்தாய். ஆனால் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

முதல் பாதியில், கைக்கு நேராக வந்த பந்தை மாவூத்தோ நழுவவிட்டு வலைக்குள் போகவிட்டானே, அப்போது அரங்கமே எழுந்து உன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தப் பையனை வெளியே எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். திடீரென்று சத்தம் அடங்கியது. பிறகு மேற்குப் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது, அதுவும் அவனுக்கு. அதன் பிறகு ஒரு பந்தையும் அவன் விடவில்லை.

என்ன நடந்தது என்று கேட்டால், "நீங்க ரேடியோ கேக்கலியா கோச்?" என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். உன் அக்காவோ, "அவன்கிட்டயே கேட்டுக்குங்க" என்கிறாள்.

அப்படி என்னதான் சொன்னாய்?

யோட்டாம்


ஜோம்பா,
ஏப்ரல் 20

அன்புள்ள மச்சானுக்கு,

நம் ஜனங்கள் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காதில் டிரான்சிஸ்டரையும் வைத்துக்கொள்கிறவர்கள் அல்லவா. அது எனக்கு அப்போது நினைவில்லை. கோல் விழுந்ததும் வர்ணனையாளர் ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினார். "லமெக், நீங்க நின்னிருந்தா இதைப் பிடிச்சிருப்பீங்களா?"

"பிடிச்சிருப்பேன்" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன். ஆனால் கோலில் அவன் தனியாகக் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் அது தெரியும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆனா அதுக்கு முன்னாடி இடப்பக்கம் ரெண்டு பந்தைத் தடுத்தான் பாருங்க. அந்த ரெண்டையும் நான் விட்டிருப்பேன். நான் நின்னிருந்தா இப்ப ரெண்டு கோல் வாங்கியிருப்போம். கத்துறவங்க கொஞ்சம் உக்காருங்கப்பா, அவன் வேலையைப் பாக்கட்டும்."

அவ்வளவுதான். உங்களுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் இன்னும் பாதிக் கோபம் பாக்கி இருக்கிறது. சொல்லி முடித்ததும் கண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, அப்போது நம் பையன்கள் ஒரு கோல் அடித்தார்கள், நான் அழுததை எல்லாரும் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது பேருந்தில் ஒரு அம்மாள், "உங்க குரல் நல்லாருக்கு தம்பி. கோல்ல நிக்கும்போது மூஞ்சிதான் கடுகடுன்னு இருக்கும்" என்றார். நிலையத்தார் இனி எல்லா ஆட்டத்துக்கும் வரச் சொல்கிறார்கள். வருவேன். நீங்கள் தப்பு செய்தால் தப்பு என்றுதான் சொல்வேன், நாடே கேட்கும்படி.

இதிலும் ஒரு சுகம் உண்டு மச்சான். இத்தனை வருஷமாக ஆட்டத்தன்று காலையில் தண்ணீர் தவிர ஒன்றும் எனக்கு இறங்கியதில்லை. அன்றைக்கு ஒரு முழுக் கோழி சாப்பிட்டுவிட்டுத்தான் அரங்கத்துக்கு வந்தேன்.

உங்கள்
லமெக்