பக்கத்தில் நில், தொடாதே

என் சரசுவுக்கு,

உன் முதல் திதிக்குப் படத்தோடு பேப்பரில் நாலு வரி போடலாம் என்றான் உன் தம்பி. எனக்கு நாலு வரியில் அடங்கவில்லை. என் பயத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து இந்த எஸ்டேட் வீட்டில் ஈரத் தரையே கிடையாது. வாசலிலிருந்து அடுப்படிவரை ரப்பர் விரிப்புப் போட்டுவிட்டேன். "இது வீடாப்பா, ஜிம்மா?" என்று நம் கவிதா கேலி செய்கிறாள். செய்யட்டும்.

அவளுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. மாநில டென்னிஸ் தேர்வுக்குப் பெயர் வந்திருக்கிறது. ஆனால் போன மாதம் ஓரத்துப் பந்தை எட்டப் போய்க் கணுக்கால் பிசகி விழுந்துவிட்டாள். அவள் விழுந்த சத்தத்தில் எனக்கு உன் சத்தம்தான் கேட்டது.

வீக்கம் வற்றியதும், சிரம்பான் டவுனிலிருந்து வரும் பயிற்சியாளர் மேரி புதுப் பயிற்சிகள் கொடுத்தார். மெத்தென்று அமுங்கும் ஒரு திண்டின்மேல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமாம். அப்படியே நின்று சுவரில் பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் தாவி, ஒரே காலில் இறங்கி, மூன்று எண்ணும்வரை அசையக்கூடாது. அதெல்லாம் வந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. நான் வீடு முழுக்க வழுக்காமல் செய்து வைத்திருக்கிறேன், இவர் என் மகளை ஆடுகிற திண்டில் ஏற்றுகிறார்!

அவள் லேசாக அசைந்தாலே என் கை தானாகப் போய் அவள் முதுகைத் தொட்டுவிடும். நேற்று மேரி பார்த்துவிட்டார்.

"அங்கிள், பக்கத்துல நில்லுங்க, தொடாதீங்க லா. உங்க விரலு பட்டா அவ காலு வேலை செய்யாது. கோர்ட்டுல யாரு வந்து விரலு வைப்பா?"

"விழுந்துட்டா?"

"விழப் போறப்ப காலு சமாளிக்கத்தானே இவ்வளவும்."

நீ விழுந்தபோது நான் எங்கே இருந்தேன்? செண்டாயான் கடையில் டிராக்டருக்கு டயர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அந்த அனுமதிக் கடிதத்தை ஒளித்து வைத்தேன், சரசு. தேர்வுக்குப் போக என் கையெழுத்து வேண்டும். அரிசி வாளிக்கு அடியில் செருகிவிட்டு, "எங்கேயோ காணாமப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். நாளைதான் கடைசி நாள்.

இன்று சாயங்காலம் திண்டில் ஏறிக் கண்ணை மூடியவள், "கைய எடுங்கப்பா" என்றாள்.

எடுத்தேன். எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கணுக்கால் வெடவெடவென்று ஆடியது. நான் உன் பெயரைத்தான் சொன்னேன். அவள் கட்டைவிரலை அழுத்தி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, சாய்ந்தவள் தானாகவே நிமிர்ந்து நின்றாள். இருபதுவரை எண்ணினேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அரிசி வாளிய நான் நகர்த்தட்டுமாப்பா, இல்ல நீங்களே எடுத்துத் தர்றீங்களா?"

பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் காலையில் கையெழுத்துப் போட்டுத் தருவேன். ஆட்டத்தன்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். உன்மேல் சத்தியம்.

நீ மட்டும் அவள் பக்கத்தில் நில், சரசு. தொடாதே.

உன் வீட்டுக்காரன்,
கவிதாவின் அப்பா