‘ரன்’ வந்தால் கை நிற்கும்

மார்ச் 4
தேர்வுத் தேதி வந்துவிட்டது. தேறினால், தங்கை வேலை பார்க்கும் அச்சகத்திலேயே எனக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேலை. அவளைப் போலக் காது கேளாதவர்கள் அங்கே பலர். கூட்டத்தில் மேனேஜர் இங்கிலீஷில் பொழிந்து தள்ளுவாராம். இவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து வருவார்களாம். என் தங்கையா தலையாட்டுகிறவள்? வீட்டில் கையாலேயே என்னோடு மல்லுக்கு நிற்பவள்! அங்கே மட்டும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. நான் தேறியே ஆக வேண்டும்.

மார்ச் 9
மானம் போயிற்று. பயிற்சி வீடியோ ஒன்றைப் போட்டு, அதில் வரும் இங்கிலீஷ் பேச்சைத் தங்கைக்குச் சைகையில் சொன்னேன். ‘மிஷினை ரன் பண்ணுங்கள்’ என்று வந்தது. முழங்கையை மடக்கி ஓடிக் காட்டினேன். அவள் சோபாவிலிருந்து சரிந்து சரிந்து சிரித்தாள். “மிஷினுக்கு எப்போ கால் முளைச்சுது?” என்று கையால் கேட்டாள்.

அடுத்து, மை ரன் ஆகிறதாம். ஈரத்தில் கலங்கிப் பரவுகிறது என்று அர்த்தம். அதற்கும் ஓடினேன். தேர்தலில் நிற்பதற்கும் இதே வார்த்தை! ஆள் நிற்கிறானா, ஓடுகிறானா? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மார்ச் 10
“ஒரு குட்டி வார்த்தைக்கு இவ்ளோ அலட்டலா?” என்றார் வீட்டுக்காரர்.
“நாம மட்டும் என்னவாம்? கடை ஓடுது, படம் ஓடுது, பொழுது ஓடலை. உங்க வண்டிதான் ஓடவே மாட்டேங்குது.”
மெக்கானிக்கைத் தேடிக் கிளம்பிவிட்டார்!

மார்ச் 15
தங்கை சொல்கிறாள்: “வார்த்தை பின்னாடி போகாத. வாக்கியம் முடியட்டும். என்ன நடக்குதுன்னு மனசுல தெரிஞ்சதும் அதைக் காட்டு.”
அதுவரை கை சும்மா இருக்குமே? திணறுகிறேன் என்றுதானே நினைப்பார்கள்?

மார்ச் 22
தேர்வு. தேர்வாளர் அம்மா வாசித்த உரையில் ‘ரன்’ வந்தது. எழும்பிய கையை அடக்கினேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கையைத் தூக்கவில்லையே நான்! வாக்கியம் முடிந்தது. விடுதியில் தண்ணீர் ‘ரன் அவுட்’, அதாவது தீர்ந்துபோயிற்றாம். வற்றிய தொட்டியைக் காட்டினேன்.
“நடுவுல ஏன் நின்னுட்டீங்க?”
“அர்த்தம் வந்து சேரட்டும்னு நின்னேன், மேடம்.”
தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 2
தேறிவிட்டேன்! நானேதான்!

ஏப்ரல் 17
அச்சகத்தில் முதல் கூட்டம். பழைய மிஷினை எடுத்துவிட்டுப் புதிது போடப்போவதாக மேனேஜர் சொன்னார். ‘ரன்’ வந்த இடத்தில் எல்லாம் நின்றேன், புரிந்துகொண்டேன், காட்டினேன். ஒருவர் முகத்திலும் குழப்பம் இல்லை.

பிறகு தங்கை கையை உயர்த்தினாள். அவள் இங்கே சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் முறை. அவள் கைக்கு நான் குரல் கொடுத்தேன். எங்கள் வேலையில் ‘அவள்’ என்று சொல்லக் கூடாது, ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

“அந்த மிஷினை ஓட்டுறது நான். அதைத் தூக்குறதுக்கு முன்னாடி என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தங்கையைக் காட்டினேன். அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

“கேட்டிருக்கணும். தப்புதான். நீங்க என்ன நினைக்கிறீங்க, சொல்லுங்க.”

சொன்னாள். நிறையச் சொன்னாள். கூட்டம் முடியும்வரை மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை, அவளைப் பார்த்தே பேசினார். இவ்வளவு பெருமையாக நான் எங்கேயும் நின்றதில்லை.