உன் ஐந்து பேரில் ஒருத்தி

இன்று மத்தியானம் மகளின் கம்ப்யூட்டரில் ஒரு பனிமலையைப் பிடித்துவிட்டேன். சிரிக்காதே. வாளும் மந்திரமும் பூதமும் உள்ள கேம் அது. ஐந்து பேரை நாமே தேர்ந்தெடுத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாலு வாள்வீரர்களையும் ஒரு வில்லாளியையும் எடுத்தேன். மூன்று முறை போனோம், மூன்று முறையும் செத்தோம். எரிச்சலில் ஒரு வாள்வீரனைக் கழற்றிவிட்டு, அடிக்கவே தெரியாத, மெதுவாக நடக்கிற மருத்துவச்சியைச் சேர்த்தேன். விழுந்தவர்களை அவள் எழுப்பி எழுப்பி விட்டாள். ஜெயித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும், எதையாவது சொல்ல வேண்டுமென்றால் உன்னைத்தான் தேடுகிறேன்.

அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் கேத்தி என்ற மலையூருக்கு மேலே புதுத் தேயிலை வைக்கிற இடத்தில் நம்மை இறக்கினார்கள். ஐந்தைந்து பேராகச் சேரச் சொன்னார் தோட்டத்தை நடத்திய துரை. கூட்டத்துக்கு ஒரு துண்டு நிலம். குளிர்காலம் முடியும்போது யாருடைய தேயிலைக் கன்றுகள் உயிரோடு நிற்கின்றனவோ அவர்களுக்கு நிரந்தர வேலை, லயத்து வரிசையில் ஒரு வீடு. மற்றவர்களுக்குத் தகரக் கொட்டகைதான்.

உன்னைத் தலைவியாக்கினோம். என் தம்பியை எடுப்பாய் என்று நம்பியிருந்தேன். நீயோ அவனை விட்டுவிட்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்கும் கேத்தி அக்காவை எடுத்தாய். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கேத்திக்கு வாக்கப்பட்டு வந்து, பல வருஷம் காரட் போட்டு, இப்போது நம்மோடு வேலை கேட்டு நின்றவர் அவர்.

"ஒனக்குப் பைத்தியமா? அவங்களால ஒரு குழி வெட்ட ஏலுமா?"

"குழி வெட்ட நாம நாலு பேர் இருக்கோம் புள்ள. இந்த மலையத் தெரிஞ்சவங்க யார் இருக்கா?"

பத்து நாள் உன்னோடு பேசாமல் குழி வெட்டினேன்.

இலங்கையில் நம் தோட்டத்துப் பழக்கம், மலையில் ஒரு புல் நின்றாலும் கங்காணி ஏசுவார். நம் தோட்டப் பக்கம் உறைபனியை யாரும் கண்டதில்லை. அதனால் இங்கேயும் எல்லாக் கூட்டமும் கன்றுகளைச் சுற்றியிருந்த பெரணிச் செடிகளை வெட்டி எரித்தது. நீயும் அரிவாளோடு இறங்கினாய்.

"ஏனுங்க, அத எரிச்சுப் போடாதீங்க. பனி உறைஞ்சா கன்னு கருகிப் போயிருமுங்க. பெரணிய ஒடிச்சு ஒவ்வொரு கன்னுக்கும் கொடை புடிச்சாட்டம் குத்தி வெய்யுங்க" என்றார் அக்கா.

நீ தயங்கினாய். மலையைக் குப்பையாக வைத்திருந்தால் துரை விரட்டிவிடுவாரோ என்று பயம். பத்து நாள் அடக்கிய என் வாய் அப்போதுதான் திறந்தது.

"என் தம்பிய விட்டுட்டு அவங்கள எடுத்தியே, எதுக்கு? அவங்க பேச்சக் கேக்கத்தான? இப்பக் கேளு."

அரிவாளைக் கீழே போட்டாய்.

மார்கழியில் ஒரு விடியலில் மலை முழுக்க வெள்ளை. வெயில் ஏறியதும் மற்ற துண்டுகளில் கன்றுகள் கறுத்துச் சுருண்டன. நம்முடையவை பெரணிக்கு அடியில் பச்சையாக நின்றன. நம் ஐந்து பேரையும் பதிவில் ஏற்றும்போது, அக்கா பெயரை முதலில் எழுதச் சொன்னாய். அடுத்த வருஷம் என் தம்பிக்கு வேலை கேட்டுத் துரையிடம் போய் நின்றதும் நீதான்.

உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டேன். என்னிடம் பலமும் இல்லை, இந்த மலையும் எனக்குத் தெரியாது, பிறகு என்னை ஏன் எடுத்தாய் என்று.

"நான் தப்புப் பண்ணா மூஞ்சிக்கு நேரா ஏச ஒரு ஆள் வேணும்ல புள்ள."

மாமியார் முதல் மகள் வரை என் வாயைக் குறை சொல்லாதவர்கள் யாருமில்லை. நீ ஒருத்திதான் அதற்காகவே என்னைத் தேர்ந்தெடுத்தாய். இன்றுவரை தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.